காய்ந்த இரத்தப் புள்ளியில் ஆன்டிபாடி எத்தனை நாள் தாங்கும்? செட்டிநாட்டுக் களப்பணியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை ஃபில்டர் பேப்பரில் வாங்கி, காயவைத்து, கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை கிராமத்து ஆய்வுகளில் பரவலாகிவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர் பக்கம் இந்த வேலையில் இருக்கும் செவிலியர்களும் ஆய்வு மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், சோதனைக்காக எடுக்கும் புள்ளிகளைப் பற்றியவை. சர்க்கரைக்கோ மரபணுச் சோதனைக்கோ எடுத்தால் சில விதிகள் மாறும்.

இரத்தம் காய்ந்துபோன பிறகும் ஆன்டிபாடி வேலை செய்யுமா?

செய்யும். ஆன்டிபாடி ஒரு புரதம். தான் பிடிக்க வேண்டிய கிருமியின் பகுதியைப் பிடிப்பதற்கு அதன் வடிவம் கலையாமல் இருந்தால் போதும். அந்த வடிவத்தைக் கலைக்கும் வினைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். புரதச் சங்கிலி அறுபடுவதற்கும், இரத்தத்திலேயே இருக்கும் நொதிகள் புரதத்தை அரிப்பதற்கும், பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்வதற்கும் ஈரம் தேவை. தண்ணீர் போய்விட்டால் மூலக்கூறுகள் தாளின் பஞ்சு இழைகளுக்கிடையே அசையாமல் நின்றுவிடுகின்றன. பிறகு ஆய்வகத்தில் உப்புக் கரைசலில் ஊறவைத்தால் மறுபடி கரைந்து வரும். ஆன்டிபாடியை அளக்கும் எலிசா சோதனையின் தட்டில் அவை வழக்கம்போலப் பிடிக்கும்.

இது புது முறையா? நம்பலாமா?

புதிது அல்ல. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தைகளின் குதிகாலில் எடுத்த இரத்தத்தை இப்படித் தாளில் வாங்கி பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை யாருக்கு இருக்கிறது என்று கண்டறியும் சோதனையை உருவாக்கினார். இந்தியாவில் தேசிய குடும்பநல ஆய்வின் 2005–06 சுற்றில் எச்.ஐ.வி. சோதனைக்குக் காய்ந்த இரத்தப் புள்ளிகளே எடுக்கப்பட்டன. சிரையில் இரத்தம் எடுக்க வசதியில்லாத இடங்களில் ஹெபடைட்டிஸ் பி ஆன்டிஜென் (வைரஸின் புரதம்), ஹெபடைட்டிஸ் சி ஆன்டிபாடி ஆகிய சோதனைகளுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் நிபந்தனையோடு சொன்னது. அந்த நிபந்தனையில்தான் நம் வேலை இருக்கிறது. முறை நம்பகமானது, ஆனால் தாளைக் கையாளும் விதம் சரியாக இருந்தால் மட்டுமே.

நம் ஊர் வெயில்தான் பெரிய எதிரி, இல்லையா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சித்திரையில் காரைக்குடி 40 டிகிரியைத் தொடும்போது அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆன்டிபாடியைப் பொறுத்தவரை வெறும் வெப்பத்தைவிட ஈரப்பதம் மோசமானது. இரண்டும் சேர்ந்தால் அதைவிட மோசம். நன்றாகக் காய்ந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடிய கவரில் இருக்கும் புள்ளி, 30, 35 டிகிரியில் சில வாரம் இருந்தாலும் அதிலுள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடி பெரும்பாலும் தாங்கிவிடும். அதே புள்ளி ஐப்பசி மழையில் திறந்த கவரில் கிடந்தால், வெயில் குறைவாக இருந்தும், சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் எலிசா அளவு இறங்கத் தொடங்கும்.

காரணம் எளிது. இந்தத் தாள் பருத்திப் பஞ்சில் செய்தது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பா மூடியைச் சரியாக மூடாமல் விட்ட சீப்புச் சீடை எப்படி நமுத்துப்போகுமோ, அப்படியே இதுவும் நமுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொஞ்சம் ஈரம் போதும், நின்றுபோன வினைகள் மறுபடி நடக்க. இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை புரதத்தோடு ஒட்டிக்கொள்வதும், புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டுபோவதும் அப்போது வேகம் பிடிக்கும். திரண்டுபோன புரதம் ஊறவைத்தாலும் தாளைவிட்டு எளிதில் வெளியே வராது. ஆக இழப்பு இரண்டு வழியில் வருகிறது: கெட்டுப்போவது ஒன்று, தாளிலேயே மாட்டிக்கொள்வது இன்னொன்று.

அதனால் என் கருத்து இதுதான்: கோடைக்காலத்தைவிட வடகிழக்குப் பருவமழையின் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் செட்டிநாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். மழை நாளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். கவருக்குள் இருக்க வேண்டியதோ 30 சதவீதத்துக்குக் கீழே.

எவ்வளவு நேரம் காயவைக்க வேண்டும்?

வறண்ட நாளில் குறைந்தது 3, 4 மணி நேரம். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க. சிவப்பாக எடுத்த புள்ளி கரும்பழுப்பாக மாறியிருக்க வேண்டும். பின்பக்கமும் அதே நிறம் வர வேண்டும். நடுவில் எங்கேயாவது பளபளப்போ சிவப்போ தெரிந்தால் இன்னும் காயவில்லை. சந்தேகம் இருந்தால் கூடுதலாக விடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு கவரில் போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே சிறைப்படும். சிலிக்கா ஜெல்லின் சக்தி முழுவதும் அதை உறிஞ்சுவதிலேயே செலவாகிவிடும்.

இரத்தம் வாங்கிய தாளை, அதாவது கார்டை, படுக்கைவாட்டில், புள்ளி எதையும் தொடாதபடி வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. ஒருவரின் இரத்தம் இன்னொருவரின் தாளில் ஒட்டிக்கொண்டால் முடிவே மாறிப்போகும்.

வீட்டு முற்றத்தில் வைத்துக் காயவைக்கலாமா? வடகம், வத்தல் எல்லாம் அங்கேதானே காய்கிறது.

முற்றத்தின் நடுவில் வேண்டாம், நேரடி வெயில் படும். சூரிய ஒளியில் இருக்கும் புறஊதாக் கதிர் புரதத்தைச் சிதைக்கும். தாளின் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து உள்பக்கம் ஈரமாக நிற்கவும் கூடும். முற்றத்தைச் சுற்றி இருக்கும் தாழ்வாரம் நல்ல இடம். நிழல் இருக்கும், காற்றோட்டமும் இருக்கும். பழைய செட்டிநாட்டு வீடுகளில் உயரமான கூரையால் அங்கே வெப்பமும் குறைவு. ஆனால் தரையில் வைக்காதீர்கள். காலையில் துடைத்துவிட்ட ஆத்தங்குடிக் கல் தரையிலிருந்து ஈரம் மேலே வரும். ஒரு மேஜையோ திண்ணையோ போதும்.

பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு: எறும்பும் ஈயும். இரத்தத்தைத் தேடி இரண்டும் வரும். எறும்பு அரித்த புள்ளியை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, மேலே வலை மூடி போட்டால் இரண்டும் அண்டாது. வலை மூடி என்றால் காற்று போக வேண்டும், பிளாஸ்டிக் தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடினால் பயன் இல்லை.

ஹேர் டிரையர், மின்விசிறி?

ஹேர் டிரையர் கூடாது. சூடான காற்று புரதத்தைத் தாளோடு ஒட்டவைத்துவிடும். மின்விசிறியைத் தூரத்தில், மெதுவாக ஓடவிடலாம். தூசி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தாள் வாங்குவது?

வாட்மன் 903 போல, இரத்தம் எடுப்பதற்கென்றே செய்த, எந்த வேதிப்பொருளும் சேர்க்காத தாள். எப்.டி.ஏ. (FTA) கார்டு என்று இன்னொன்று கிடைக்கும். அது மரபணுவுக்கானது. அதில் தடவியிருக்கும் வேதிப்பொருள் செல்லை உடைத்துப் புரதத்தைக் குலைக்கும். ஆன்டிபாடிக்கு அதைப் பயன்படுத்தினால் எவ்வளவு கவனமாகச் சேமித்தாலும் பலன் இல்லை. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். ஆய்வகக் கடையில் கிடைக்கும் சாதாரண வடிதாளும் சரிப்படாது, அது இரத்தத்தை ஒரே அளவாக உறிஞ்சாது.

சிலிக்கா ஜெல் எத்தனை பாக்கெட் போட வேண்டும்?

ஒரு கார்டுக்கு ஒரு கிராம் பாக்கெட் இரண்டோ மூன்றோ. மழைக்காலத்தில் மூன்றுக்குக் குறையாமல் போடச் சொல்வேன். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் வேலை சுலபம். ஆரஞ்சு நிறம் பச்சையானாலோ, நீலம் வெளிர்சிவப்பானாலோ அது நிறைந்துவிட்டது என்று பொருள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கும். அதைக் கையால் தொட வேண்டாம், குழந்தைகளுக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்ன அட்டையையும் கவரில் போடுங்கள். 30 சதவீத வட்டம் நிறம் மாறியதும் பாக்கெட்டுகளை மாற்றிவிட வேண்டும்.

நிறைந்த மணிகளை வெயிலில் வைத்தால் பழையபடி ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நம் ஊர் வெயிலுக்குக்கூட அந்தச் சூடு போதாது. ஆய்வக அடுப்பில் 110, 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால்தான் ஈரம் முழுவதும் போகும். வீட்டுச் சமையலடுப்பில் செய்யவே கூடாது.

கவரும் முக்கியம். காய்கறிக் கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஈரத்தைக் கசியவிடும். தடித்த ஜிப் கவரோ அலுமினியப் படலம் வைத்த கவரோ வேண்டும். மூடும்போது உள்ளே இருக்கும் காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றுங்கள்.

ஃபிரிட்ஜ் கட்டாயமா? துணை சுகாதார நிலையத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது.

ஓரிரு வாரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச்சேரும் என்றால், நன்றாகக் காய்ந்த, சரியாக மூடிய புள்ளி அறை வெப்பத்திலேயே இருக்கலாம். சில மாதம் வைக்க வேண்டும் என்றால் 4 டிகிரி. வருடக்கணக்கில் என்றால் மைனஸ் 20 அல்லது அதற்குக் கீழே. எந்த வெப்பநிலையிலும் சிலிக்கா ஜெல் கூடவே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் குளிர் இருந்தாலும் காற்று ஈரமானதுதான். சிலிக்கா ஜெல் இல்லாமல் ஃபிரிட்ஜில் வைத்த கார்டைவிட, சிலிக்கா ஜெல்லோடு அலமாரியில் வைத்த கார்டு நல்ல நிலையில் இருப்பது உண்டு.

கரண்ட் போனால் பதற வேண்டாம். திரவ சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) உருகி உறைந்து உருகும்போது படும் பாடு காய்ந்த புள்ளிக்கு அவ்வளவாக இல்லை, உள்ளே உறைய வேண்டிய தண்ணீரே இல்லையே. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கதவைத் திறந்து திறந்து பார்ப்பதால் உள்ளே நீர்த்துளி கோக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கவரைத் திறக்கலாமா?

கூடாது. குளிர்ந்த கவரை நம் ஊர்க் காற்றில் திறந்தால் தாளின் மேல் வியர்க்கும். மாதக்கணக்கில் காப்பாற்றிய புள்ளி அந்த ஐந்து நிமிடத்தில் ஈரமாகும். மூடியபடியே வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். சின்ன கவருக்கு அரை மணி நேரம், நிறைய கார்டு அடுக்கிய பெரிய கவருக்கு இன்னும் கூடுதல்.

ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் ஒரே அளவு தாங்குமா?

பொதுவாக ஐஜிஜி உறுதியானது. ஐஜிஎம் ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு, அதனால் கூடுதல் கவனம் கேட்கும். டெங்கு, தட்டம்மை, ருபெல்லா போன்றவற்றில் சமீபத்திய தொற்றைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் பார்க்கும்போது கார்டைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். முன்பு எப்போதோ வந்த தொற்றையோ தடுப்பூசியின் பலனையோ ஐஜிஜி மூலம் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கால அவகாசம் உண்டு.

சென்னைக்கு எப்படி அனுப்புவது? பஸ் பார்சலா, தபாலா, ரயிலா?

காய்ந்த புள்ளியின் பெரிய வசதியே இதுதான், ஐஸ் பெட்டி வேண்டாம். விமானப் போக்குவரத்து விதிகளிலும் இதற்கு ஆபத்தான பொருள்களின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. தபாலிலும் போகலாம், பல்லவன் எக்ஸ்பிரஸில் போகிறவர் கையிலும் கொடுத்துவிடலாம். பார்க்க வேண்டியது இடையில் அது எங்கே கிடக்கிறது என்பதுதான். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். டேஷ்போர்டின் மேல் வைத்தால் இன்னும் அதிகம். வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பி, சனி ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கவிடாமல், திங்கள்கிழமை அனுப்புங்கள்.

கொஞ்சம் குறைந்தால் என்ன? இருக்கிறதா இல்லையா என்றுதானே பார்க்கிறோம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். சேமிப்பில் நேரும் கெடுதல் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

எலிசாவில் ஓர் எல்லைக் கோடு இருக்கும். அதற்கு மேலே பாசிட்டிவ், கீழே நெகட்டிவ். ஆன்டிபாடி நிறைய இருப்பவரின் புள்ளி நாலில் ஒரு பங்கு இழந்தாலும் கோட்டுக்கு மேலேயே நிற்கும். கோட்டை ஒட்டி இருப்பவர்தான் கீழே விழுவார். தொற்று வந்து நாளானவர், வயதானவர், தடுப்பூசியின் பலன் தேய்ந்துகொண்டிருப்பவர் போன்றோர்தான் அந்த எல்லையில் இருப்பார்கள். ஆய்வு யாரைத் தேடிப் போனதோ அவர்களையே அது கைவிட்டுவிடும். ஒரு 3.2 மில்லிமீட்டர் வட்டத்தில் இருப்பது சுமார் 3 மைக்ரோலிட்டர் இரத்தம். அதில் சீரம் பாதியளவுதான். இவ்வளவு சிறிய அளவில் இழப்பைத் தாங்க இடம் அதிகம் இல்லை.

இன்னொன்று, ஊரை ஊரோடு ஒப்பிடும்போது வருவது. தேவகோட்டைப் பக்கம் பங்குனியில் எடுத்த கார்டுகள் நன்றாகக் காய்ந்து ஒரே வாரத்தில் போய்ச்சேர்ந்தன என்று வையுங்கள். புதுவயல் பக்கம் கார்த்திகையில் எடுத்தவை இரண்டு மாதம் பீரோவில் கிடந்தன. முடிவில் புதுவயலில் நோய்த்தொற்று குறைவு என்று வரும். உண்மையில் குறைந்தது தொற்று அல்ல, தாளில் இருந்த ஆன்டிபாடி. இந்தப் பிழையைக் கணக்குப் போட்டுப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். எடுத்த தேதி, காயவைத்த நேரம், கவரில் போட்ட நேரம், எங்கே எத்தனை நாள் இருந்தது, சிலிக்கா ஜெல் எப்போது மாற்றப்பட்டது என்று எழுதிவைத்த நோட்டு இருந்தால்தான் பிழை நடந்திருப்பதையாவது கண்டுபிடிக்கலாம். அந்த நோட்டைச் சலிப்பான வேலையாகப் பார்க்காதீர்கள், கார்டுக்கு நிகரான மதிப்பு அதற்கு உண்டு.

கார்டைப் பார்த்தே கெட்டுப்போனதா என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. பூஞ்சை பிடித்திருந்தாலோ, புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தாலோ, ஒரே இடத்தில் இரண்டு மூன்று சொட்டு ஏறியிருந்தாலோ ஒதுக்கிவிடலாம். வளையம் என்றால் ஸ்பிரிட் காயும் முன்பே குத்தியிருக்கலாம், அல்லது விரலைப் பிழிந்து எடுத்திருக்கலாம். நாளாக ஆகப் புள்ளி கருக்கும். அது ஹீமோகுளோபின் மாறுவதால் வருவது. அதை வைத்து ஆன்டிபாடி போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மிகப் பழைய புள்ளி, ஊறவைத்தாலும் நிறம் இறங்காமல் தாளிலேயே நின்றால், ஆன்டிபாடியும் சரியாக வந்திருக்காது என்று சந்தேகப்பட வேண்டும்.

உறுதியான வழி, கட்டுப்பாட்டுப் புள்ளிகள். பாசிட்டிவ் என்றும் நெகட்டிவ் என்றும் முன்பே தெரிந்த இரத்தத்தில், எல்லைக் கோட்டை ஒட்டிய ஒன்றையும் சேர்த்து, அதே தாளில் புள்ளிகள் செய்து, களத்துக் கார்டுகளோடு அதே கவரில், அதே பீரோவில் வைக்க வேண்டும். இன்னொரு தொகுதியை மைனஸ் 20-இல் வைக்க வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒன்றாகச் சோதித்தால், களத்தில் எவ்வளவு இழந்தோம் என்பது தெரியும். ஆய்வு மாணவர்களே, இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சீரத்துக்கான சோதனைக் கிட்டை அப்படியே பயன்படுத்தலாமா?

அப்படியே கூடாது. எல்லைக் கோட்டைப் புள்ளிக்கென்று மறுபடி நிர்ணயிக்க வேண்டும். இரத்தசோகை உள்ளவரின் புள்ளியில் சீரத்தின் பங்கு கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பிறந்த குழந்தைக்கு எச்.ஐ.வி. பார்க்க இதே கார்டுதானே?

கார்டு அதே வகைதான், சோதனை வேறு. தாயின் ஆன்டிபாடி குழந்தையின் உடலில் 18 மாதம் வரை இருக்கக்கூடும். அதனால் அந்த வயதுவரை ஆன்டிபாடி சோதனையை வைத்துக் குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று சொல்ல முடியாது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வார்கள்.

காய்ந்த இரத்தத்தால் நமக்குத் தொற்று வருமா?

கையுறை போடுங்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த நிலையிலும் குறைந்தது ஒரு வாரம் உயிர்ப்போடு இருக்கும். குத்திய ஊசியைத் துளைபடாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும், குப்பைக் கூடையில் அல்ல.

கார்டில் பெயர் எழுதலாமா?

எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். நம் ஊர்களில் கோயில் பெயரையும் வீட்டுப் பட்டப்பெயரையும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியாக, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். எண்ணைப் பென்சிலிலோ பால்பாயின்ட் பேனாவிலோ எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரத்தில் பரவும்.

ஓர் ஆச்சி, “என் ரத்தத்தை எத்தனை வருஷம் வச்சிருப்பீக? வேற எதுக்கும் எடுத்துக்குவீகளா?” என்று கேட்டார். என்ன சொல்வது?

சரியான கேள்வி. உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் அன்று அந்த வீட்டில் இரத்தம் எடுக்காமல், ஆய்வுப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் போங்கள். மைனஸ் 20-இல் ஒழுங்காக வைத்த புள்ளி பல வருடம் கழித்தும் சோதிக்கக்கூடியதாக இருக்கும். அதனால்தான் அனுமதிப் படிவத்தில் எந்த நோய்க்காக, எத்தனை வருடம், பிறகு அழிப்பார்களா, வேறு ஆய்வுக்கு எடுத்தால் மறுபடி கேட்பார்களா என்பதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். அதை ஆச்சிக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். “இந்த ஆய்வுக்கு மட்டும் எடுத்துக்கங்க, அப்புறம் அழிச்சிருங்க” என்று அவர் சொன்னால், அதைக் கார்டு எண்ணோடு சேர்த்து நோட்டில் அன்றே எழுதிவிடுங்கள்.